கால் படாத சோப்பு

என் வலது காலை நான் முழுசாகப் பார்ப்பது அபூர்வம். முட்டுக்குக் கீழே அது என்னுடையது மாதிரியே இருக்காது. என்னைவிடத் தடித்த யாரோ ஒருவர், கொஞ்சம் பிடித்துக்கொள் என்று தந்துவிட்டுத் திரும்பி வராமல் போன மாதிரி இருக்கும். தோல் பலாப்பழத்துத் தொலி. விரல்களுக்கு நடுவே வெடித்து, வெள்ளை பூத்து, எப்போதும் நசநசவென்று ஈரம். அந்த நாற்றத்தை முழுசாக எழுதினால் நீங்கள் புத்தகத்தை மூடிவிடுவீர்கள். ஊறப்போட்ட மரச்சீனிக் கிழங்கை மறந்துபோய், நாலு நாள் கழித்துப் பானையைத் திறந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். அது போதும்.

எங்கள் பக்கத்தில் இதை மந்து என்பார்கள். மற்ற இடங்களில் யானைக்கால். யானை என்று சொல்லும்போது ஒரு கௌரவம் வந்துவிடுகிறது. கோயிலில் நிறுத்திப் பழம் கொடுக்கிற பிராணி. மந்து என்றால் மூக்கைப் பொத்தத்தான் தோன்றும். மந்துக்காலன் என்று கூப்பிட்டால் உடனே திரும்பிப் பார்ப்பேன். சொந்தப் பெயரைச் சொல்லி யாராவது கூப்பிட்டால் போலீஸ் வந்திருக்கிறது என்று பயந்துவிடுவேன்.

பாறசாலையிலிருந்து வெள்ளறடைக்குப் போகிற வழியில், ரப்பர்த் தோட்டங்கள் தொடங்குகிற ஒரு முக்கில் சாயக்கடை. தொண்ணூறுகளின் நடுவில் அங்கே சாயா அடிப்பது என் வேலை. பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் ஒத்துப்போகவில்லை. பஸ் போர்டைப் பார்த்துத் தமிழும் மலையாளமும் எழுத்துக்கூட்டப் படித்தவன் நான். இதில் பிழை இருந்தால் போர்டு எழுதின பெயிண்டரைக் கேளுங்கள். முதலாளி, சாயா மேடைக்கு முன்னால் ஒரு பலகையை அடித்து வைத்திருந்தார். விறகு தெரியாமலிருக்க என்று சொல்வார். விறகு நான் நிற்கிற இடத்தில் மட்டும்தான் தெரியுமா என்று நான் கேட்டதில்லை. இடுப்புக்கு மேலே நான் நல்ல சாயாக்காரன். கீழே இருப்பது எனக்கும் பலகைக்கும் உள்ள விஷயம்.

மந்தில் கொடுமை வீக்கம் இல்லை. பனிதான். எங்கள் பேச்சில் பனி என்றால் காய்ச்சல். தொடையிடுக்கில் நெறி கட்டும், பல் கிட்டிக்கொண்டு விறையல் வரும், ஐந்தாறு நாள் பாயோடு பாயாகக் கிடக்கவேண்டும். எழுந்து பார்த்தால் கால் முன்னைவிடக் கொஞ்சம் கூடுதலாகத் தடித்திருக்கும். வந்துபோகிற ஒவ்வொரு பனியும் கொஞ்சம் சதையை வைத்துவிட்டுப் போகும்.

அதே முக்குக்கு மீன் கொண்டு வருகிற அக்கா ஒருத்தி உண்டு. கோட்டுகால் ஊருக்கு அப்புறம் கடலோரத்தில் வீடு. விடியுமுன் மற்ற மீன்காரிகளோடு டெம்போவில் வந்து இறங்கி, அலுமினியச் சருவத்தைத் தலையில் வைத்துக்கொண்டு வீடு வீடாக நடப்பாள். அவளுக்கு இடது காலில் மந்து.

"நமக்கு ரெண்டுபேருக்கும் சேத்து ஒரு சோடி நல்ல காலு உண்டு மக்கா," என்பாள். "மத்த சோடிய யாருக்காவது குடுத்திரலாம்."

அவள் கணவனுக்கு மூச்சுமுட்டல் வந்து கடலுக்குப் போவது நின்றுபோயிருந்தது. அவள் நடந்தால்தான் அந்த வீட்டில் அடுப்பு எரியும். பனி வந்து அவள் படுத்தால் அடுப்பும் படுத்துவிடும். இதை அவள் அழுது சொன்னதில்லை. சாளை மீனுக்கு விலை சொல்வது போலச் சொல்வாள்.

அப்படியிருக்கும்போது ஒருநாள் ஜீப் வந்தது. நகரத்திலிருந்து ஒரு பெரிய டாக்டர், கூடவே இரண்டு மூன்று பேர். வாசகசாலை முற்றத்தில் பெஞ்சு போட்டு மந்து உள்ளவர்களையெல்லாம் கூப்பிட்டார்கள். ஊரில் இந்தப் பதவி எனக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். போய்ப் பார்த்தால், முண்டு வேட்டியைத் தழையத் தழையக் கட்டிக்கொண்டு ஒரு கூட்டமே நிற்கிறது. தினமும் என்னிடம் சாயா வாங்கிக் குடித்துவிட்டு என் காலைக் கிண்டல் செய்கிறவர்களில் இரண்டு பேர் அதில் உண்டு. அன்றைக்கு அவர்கள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

டாக்டர் மலையாளத்தில் பேசினார். நாங்கள் வாய்க்கு வந்த இரண்டையும் கலந்து பேசினோம். இங்கே எல்லாவற்றையும் ஒரே பாஷையில் எழுதிவிடுகிறேன். அவர் சொன்னது இதுதான்: விரலிடுக்கு வெடிப்பில் அழுக்கு போய்த்தான் பனி வருகிறது. காலையிலும் சாயங்காலமும் சோப்புப் போட்டுக் கழுவவேண்டும். விரலிடுக்கைத் துடைத்து உலர்த்தவேண்டும். பிறகு களிம்பு. இப்படிச் செய்தால் பனி குறைகிறதா என்று பார்க்கத்தான் இந்த ஆராய்ச்சி. எல்லோருக்கும் ஒரு நீலப் பிளாஸ்டிக் பேசன், துடைக்க ஒரு வெள்ளைத் துவர்த்து, வாசனைச் சோப்பு, ஒரு குழாய் களிம்பு. பதினைந்து நாளுக்கு ஒருதடவை ஓர் ஆள் வீட்டுக்கு வந்து பார்த்து, தீர்ந்ததைத் தருவார்.

மலையாளத்தில் அச்சடித்த ஒரு தாளில் ஒப்பு வாங்கினார்கள். எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். ஆனாலும் கைநாட்டு வைத்தேன். கையெழுத்துப் போடுகிறவனிடம் வாசித்துப் பார்த்தாயா என்று கேட்பார்கள். கைநாட்டுக்காரனை யாரும் ஒன்றும் கேட்பதில்லை.

மீன்கார அக்காவும் சருவத்தை இறக்கி வைத்துவிட்டு வரிசையில் நின்றாள். ஊர்க்காரி இல்லையென்றாலும் தினமும் வருகிறவள் என்று சேர்த்துக்கொண்டார்கள். அவள் கேட்டாள்:

"சாறே, சருவத்துலயிருந்து மீன்தண்ணி நாள் முழுக்க எனக்க காலுலயாக்கும் வடியுது. வெடியக்காலத்த கழுவுனா, டெம்போ முக்கு எத்துததுக்கு முன்னாடி பழையபடி நாறிரும். உச்சைக்கு ஒருக்கா கழுவாண்டாமா?"

"காலையும் சாயங்காலமும் போதும்மா. தாளில் உள்ளபடி செய்யுங்க."

"நான் உச்சைக்கு நிக்கது ரோட்டுலயில்லா? அங்க தண்ணி..."

"எல்லாரும் ஒரேமாதிரி செய்தால்தான் எங்களுக்குத் தெரியும்."

பக்கத்தில் எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். அவள் கேட்டதை அவர் எழுதவில்லை. அடுத்த ஆளின் வயதைத்தான் எழுதினார்.

அவள் விடவில்லை. "ஆராய்ச்சி கழிஞ்சா இந்தக் களிம்பு பின்ன எங்க கிட்டும்?"

அதற்கு டாக்டர் நல்ல பதில் சொன்னார். பலன் இருக்கிறது என்று தெரிந்தால், பக்கத்து சுகாதார நிலையங்களிலெல்லாம் இதை எப்போதும் சும்மா கொடுக்க ஏற்பாடாகும். அதற்காகத்தான் இவ்வளவு பாடும் என்றார். அக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "அப்பம் நல்லாட்டு கழுவணும்," என்று எங்களைப் பார்த்துச் சொன்னாள். எல்லோரும் தலையாட்டினோம். தலையாட்டுவதில் எங்கள் ஊரை அடித்துக்கொள்ள ஆளில்லை.

வீட்டுக்குக் கொண்டுபோனேன். என் மனைவி சோப்பை மூக்கில் வைத்துப் பார்த்தாள்.

"இத உங்களுக்க காலுலயா தேய்க்கச் சொன்னாவ?"

"பின்ன, திங்கவா?"

"இந்தச் சோப்பு போட்டு எனக்க கல்யாணத்துக்கு அன்னைக்குத்தான் நான் மேலு கழுவுனது. மந்துக்காலுல தேச்சா பின்ன வீட்டுல யாரு தொடுவா? வாறவிய போறவியளுக்கு கை கழுவ இருக்கட்டும்."

எங்கள் பக்கத்து வீடுகளில் அது ஒரு வழக்கம். வாசனைச் சோப்பு என்பது வீட்டுக்காரனுக்கு இல்லை. பெண் பார்க்க வருகிறவர்கள், மருமகன், கோயில் கொடைக்கு வருகிற சொந்தம் என்று வெளியாள் வரும்போது, உறையிலிருந்து எடுத்து வாளிப் பக்கத்தில் வைப்பது. மற்ற நாளெல்லாம் அது பெட்டியில் துணிகளுக்கு நடுவே கிடக்கும். துணியும் மணக்கும். அதைப் போய் மந்துக்காலில் தேய்ப்பது என்றால், விருந்துக்காரன் இலையில் நாயை உட்கார வைத்த மாதிரி. எங்கள் வீட்டில் மட்டுமல்ல, வாங்கிக்கொண்டு போன எல்லா வீட்டிலும் சோப்பு நேராகப் பெட்டிக்குத்தான் போனது. வெள்ளைத் துவர்த்து, கல்யாணம் விசாரிக்கப் போகிறவன் தோளுக்குப் போனது. நீலப் பேசனில் மரச்சீனி ஊறியது.

இன்னொன்றும் உண்டு, அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. எங்கள் வீட்டுக் கிணற்றுக்கரை ரோட்டோரம். அங்கே உட்கார்ந்து அந்தக் காலை வெளியே நீட்டி, போகிற வருகிறவர்கள் பார்க்க, நாளைக்கு இரண்டு தடவை கழுவ எனக்கு மனசு வரவில்லை. சாயக்கடையில் நாலு பேருக்கு முன்னால் என் காலை நானே கிண்டல் செய்வேன். அது பலகைக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு.

பதினைந்து நாள் கழித்து ஆள் வந்தார். நல்ல பையன் மாதிரி முகம், தோளில் பை. பையிலிருந்து தபால் நிறுக்கிற மாதிரி ஒரு சின்னத் தராசை எடுத்துத் தரையில் வைத்தார். என் சோப்பை வாங்கி அதில் வைத்தார். நான் என்னமோ தங்கம் அடகு வைக்க வந்தவன் மாதிரி பக்கத்தில் குந்தியிருந்தேன்.

"அண்ணே, இது குறையவே இல்லையே."

"நல்ல சோப்பாக்கும் சாறே. தேயாது."

அவர் சிரிக்கவில்லை. மூன்று தடவை இப்படி இருந்தால் பெயரை வெட்டிவிடுவார்கள், பிறகு களிம்பும் கிடையாது, பனி மாத்திரையும் கிடையாது என்றார். பனி வந்தவர்களுக்கு அவர் மாத்திரை கொடுப்பார். அது ஒன்றுதான் எங்களுக்கு உபயோகமாயிருந்தது.

அன்று என் மூளை வேலை செய்தது. அது வேலை செய்கிற நாளெல்லாம் யாருக்காவது கேடு. அடுத்த தடவை அவர் வருவதற்கு முந்தின நாள், சோப்பை எடுத்து, துணி துவைக்கிற அலக்குகல்லில் நன்றாகத் தேய்த்தேன். நுரை ஓடையில் போயிற்று. மறுநாள் அவர் நிறுத்துப் பார்த்து, "ரொம்ப நல்லது அண்ணே," என்றார். ஆயுசில் என்னை யாரும் அப்படிப் பாராட்டியதில்லை.

நான் சும்மா இருக்கிற ஆளா? சாயக்கடையில் மற்ற மந்துக்காரர்களுக்குப் பாடம் எடுத்தேன். "எலே, கேட்டியளா, ரொம்பத் தேச்சிராதிய. அரைச் சாண் சோப்பு பதினஞ்சு நாளுல அரை விரலா ஆனா, இவன் காலத் தேய்க்கானா இல்ல களவாணித்தனம் செய்யுதானான்னு கேப்பாரு." கடை குலுங்கிச் சிரித்தது. முதலாளிகூடச் சிரித்தார். அதற்கப்புறம் அந்த ஆள் வருகிற நாளுக்கு முந்தின சாயங்காலம், ஊரில் அலக்குகல் எல்லாம் மணக்கும். ஒருத்தனுடைய சோப்பைக் காக்கை கொண்டுபோய்விட்டது. அவன் உள்ளதை உள்ளபடி சொன்னான். வந்தவருடைய தாளில் காக்கைக்குக் கட்டம் இல்லை. 'முழுவதும் உபயோகித்தார்' என்று எழுதிக்கொண்டு போனார்.

பனி வந்ததா என்ற கேள்விக்கு மட்டும் எல்லோரும் உண்மை சொன்னோம். சொன்னால்தானே மாத்திரை. ஆக, அவருடைய தாளில் ஒரு பக்கம் சோப்பு தேய்ந்துகொண்டே போனது, மறுபக்கம் பனி வந்துகொண்டே இருந்தது. ரெண்டையும் சேர்த்துப் பார்த்தால் என்ன அர்த்தம் வரும் என்று எங்களில் ஒருத்தனும் யோசிக்கவில்லை. யோசிக்கிற ஆட்களுக்கு ஜீப் உண்டு என்று நினைத்தோம்.

மீன்கார அக்காவுக்கு இந்த விளையாட்டெல்லாம் தெரியாது. அவள் வீட்டில் விருந்தாளிக்கென்று வைக்கப் பெட்டியே இல்லை. விடியுமுன் எழுந்து கழுவினாள். சாயங்காலம் திரும்பிப் போய்க் கழுவினாள். நடுப்பகல் உச்சைக்கு, சாயக்கடைக்குப் பின்னால் வந்து நின்று, "மக்கா, ரெண்டு வாளி கோரித் தா," என்பாள். முதலாளி முகத்தைச் சுளித்துக்கொண்டு உள்ளே போய்விடுவார். தந்த சோப்பை ரோட்டில் கொண்டு திரிந்தால் கரைந்துவிடும் என்று, துணி அலக்குகிற சோப்பில் ஒரு துண்டை வெட்டி மடியில் வைத்திருப்பாள். அதைப் போட்டுக் கழுவி, பழைய கைலித் துண்டைக் கிழித்து ஒவ்வொரு விரலிடுக்காக விட்டுத் துடைப்பாள். மீன்தண்ணி வடியாமலிருக்க, ரப்பர் ஷீட்டில் ஒரு கீற்றை வெட்டிச் சருவத்தின் அடியில் நாக்கு மாதிரி தொங்கவிட்டிருந்தாள். தண்ணி அதில் ஓடிக் காலில் படாமல் பின்னால் போய் விழும்.

"உங்களுக்க காலு மாப்பிள்ள காலு மாதிரி ஆவுதே அக்கா," என்று சொன்னேன்.

"உனக்க காலுக்கு ஒரு பெண்ணு பாரு," என்றாள்.

விளையாட்டுக்குச் சொன்னாலும் அது நிஜம். அவள் காலில் வெடிப்பு மூடியிருந்தது. நாற்றம் போயிருந்தது. மழை மாதம் முழுக்க ஒரு தடவைகூடப் பனி வரவில்லை. நான் அதே மழையில் இரண்டு தடவை படுத்தேன்.

ஆனால் தராசில் அவள் தோற்றுக்கொண்டிருந்தாள். தந்த சோப்பை அவள் சிக்கனமாகப் போட்டாள். உச்சைக்குப் போடுவது வேறு சோப்பு. வருகிறவரிடம் அதையும் சொன்னாள். அன்றைக்கென்று அவள் வீட்டிலிருந்து எடுத்து வந்த சோப்பைச் சாயக்கடை பெஞ்சில் வைத்து அவர் நிறுக்கும்போது நானும் பக்கத்தில் நின்றேன்.

"குறைவாத்தான் போட்டிருக்கீங்க."

"உச்சைக்கு இந்தத் துணிச்சோப்பு போடுதேன் சாறே. இன்னா பாரும்."

"அது எங்க சோப்பு இல்லையே."

"அழுக்குக்குத் தெரியுமா சாறே, உங்களுக்க சோப்பா எனக்க சோப்பான்னு?"

அவர் என்னைப் பார்த்தார். நான் சாயாவைத் தூக்கி அடித்தேன். அவர் தாளில் ஒரு கட்டத்துக்குள் ஒரு சின்னக் கோடு போட்டார். 'சரியாகச் செய்யவில்லை' என்பதற்கு அந்தக் கோடு என்று பின்னால்தான் தெரிந்தது.

மாதங்கள் முடிந்து மறுபடியும் வாசகசாலை முற்றம். டாக்டர் எங்களுக்கு நன்றி சொன்னார். இவ்வளவு ஒத்துழைப்புத் தந்த ஊரைத் தான் பார்த்ததில்லை என்றார். பிறகு விஷயத்துக்கு வந்தார். சோப்பு நன்றாகச் செலவான வீடுகளிலும் பனி அதேபோல வந்திருக்கிறது. கழுவுவதால் பெரிய மாற்றம் இருப்பதாகத் தெரியவில்லை. அதனால் இதைச் சுகாதார நிலையங்களில் தொடங்கச் சொல்லி எழுத முடியாது. மருந்துக்கு வேறு வழி பார்க்கவேண்டும். அப்புறம், சொன்னபடி செய்ததில் முதலிடம் என்று ஒருத்தரைக் கூப்பிட்டு ஒரு குடை கொடுத்தார்கள். என்னைத்தான். சிரியுங்கள் என்று சொல்லிப் போட்டோ எடுத்தார்கள். சிரித்தேன். அந்தப் போட்டோ எங்காவது இருந்தால், காலை முண்டுக்குள் இழுத்து வைத்துக்கொண்டு, வாங்கிய குடையை ஊன்றிச் சிரிக்கிற ஒரு பன்னியை அதில் பார்க்கலாம்.

அக்கா கையைத் தூக்கிக்கொண்டு நின்றாள். "எனக்குப் பனி வரல்லியே சாறே. எனக்குக் களிம்பு கிட்டுமா?" டாக்டர் தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "நீங்க சரியாச் செய்யவே இல்லையேம்மா," என்றார். அன்பாகத்தான் சொன்னார்.

மறுநாள் உச்சைக்கு அவள் சாயக்கடைப் பின்பக்கம் வந்தாள். வாளியைக் கேட்கவில்லை.

"மக்கா, ஒண்ணு கேக்கட்டா. நீ கால் கழுவி நான் ஒருநாளும் கண்டதில்ல. உனக்க சோப்பு எப்படித் தீந்துது?"

எனக்குச் சிரிப்புக் காட்டத் தெரியும், பொய் சொல்லவும் தெரியும். அன்றைக்கு ரெண்டும் வரவில்லை. சொன்னேன். கல்லையும், பாடம் எடுத்ததையும், காக்கையையும் சொன்னேன். காக்கை வந்த இடத்தில்கூட அவள் சிரிக்கவில்லை. என் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நாளைக்கு எனக்குக் கூட வா. அந்த டாக்டருட்ட இத நீ உனக்க வாயால சொல்லு."

போனோம். நெய்யாற்றின்கரையில் பஸ் மாறி, நகரத்துக்கு. அந்த ஆபீஸ் வராந்தாவில் தராசுக்காரர்தான் முதலில் எங்களைப் பார்த்தார். விஷயத்தைச் சொன்னதும் கதவுப் பக்கம் பார்த்துவிட்டுத் தணிந்த குரலில் சொன்னார்: "தெரியும் அண்ணே. உங்க அலக்குகல்லுலயே சோப்பு காய்ஞ்சு ஒட்டிக்கிடந்தது. நான் எழுதினா, நீ ஒழுங்காப் பார்க்கலன்னு என்னத்தான் அனுப்புவாங்க. எனக்கு இது தற்காலிக வேலை." எனக்கு அவர் மேல் காறித் துப்பத் தோன்றியது. துப்புவதற்கு வாயில் ஈரம் இல்லை. அவரும் நானும் ஒரே கல்லில்தான் தேய்த்திருக்கிறோம்.

உள்ளே டாக்டர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டார். நான் எல்லாவற்றையும் சொன்னேன்.

"இத முன்னமே ஏன் சொல்லல?"

"நீங்க சோப்பத்தான் நிறுத்திய சாறே. கழுவ முடியுதா, எங்க வச்சுக் கழுவுவியன்னு யாரும் கேக்கல்ல. கேட்டிருந்தா அன்னைக்கே பறஞ்சிருப்பேன், எனக்குக் கிணத்தங்கரையில இருக்க வெக்கமாக்கும்னு." சொல்லும்போதே இது பாதி நியாயம்தான் என்று எனக்கே தெரிந்தது. கேட்டிருந்தாலும் நான் ஏதாவது வேடிக்கை சொல்லித் தப்பித்திருப்பேன்.

அறிக்கை போய்விட்டது என்றார் அவர். இப்போது எல்லாவற்றையும் மாற்றினால், திட்டம் போட்டதிலிருந்து இரண்டு வருஷ வேலை வீண். கடைசியில் ஒரு வரி சேர்க்கலாம்: சோப்பின் எடையை வைத்து உபயோகத்தை அளந்ததில் குறை இருக்கலாம் என்று. ஒரு வரி. எங்கள் ஊர் முழுக்க, அத்தனை காலும் அத்தனை சீழும், ஒரு வரிக்குள் போய் அடங்கிவிட்டது.

அக்கா சேலையைக் கொஞ்சம் தூக்கி, காலை மேஜைப் பக்கம் நீட்டினாள். "இதப் பாரும் சாறே. தொட்டுப் பாரும். நாத்தம் உண்டா?"

அவர் குனிந்து பார்த்தார். விரலிடுக்கை விலக்கிப் பார்த்தார். நல்ல டாக்டர்தான், கை கூசவில்லை. உச்சைக்குக் கழுவுகிறதையும், ரப்பர்க் கீற்றையும் அவள் சொல்லச் சொல்லக் கேட்டார். அவர் அவளிடம் கேட்டுக்கொண்டு நின்றது அதுதான் முதல் தடவை. பிறகு நிமிர்ந்து கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"நல்லா ஆகியிருக்கும்மா. ஆனா ஒரு கால வச்சு நான் ஒண்ணும் எழுத முடியாது. உங்கள மாதிரி ஒரு பத்துப் பேர் கழுவியிருந்தா, தைரியமா எழுதியிருப்பேன்."

"பத்துப் பேரு உண்டும் சாறே," என்றாள் அவள். "அவியளுக்க சோப்பு கல்லுல போச்சு. சொல்லிக் குடுத்தவன் இன்னா நிக்கான்."

அவர் என்னைப் பார்க்கவில்லை. அவளும் பார்க்கவில்லை. அந்த அறையில் என்னைப் பார்த்தது நான் ஒருத்தன்தான்; மேஜைக் கண்ணாடியில் தலைகீழாகத் தெரிந்தேன்.

அவளிடம் மிச்சமிருந்த களிம்பு கொஞ்ச நாள் வந்தது. கடைசியில் மீன் வெட்டுகிற கத்தியால் குழாயைப் பிளந்து வழித்துப் போட்டாள். கழுவுவதை அவள் நிறுத்தவில்லை. ஆனால் எங்கள் கடைக்குப் பின்னால் வருவதை நிறுத்திவிட்டாள். வேறு எங்கே தண்ணி கிடைத்தது, கிடைத்ததா இல்லையா, எனக்குத் தெரியாது. அடுத்த மழையில் ஒருநாள் அவளுக்குப் பதிலாக வேறொரு மீன்காரி வந்தாள். நெத்தோலியை அளந்துகொண்டே, "அந்த அக்காவுக்கு காலு வெடிச்சுப் பனி. எழும்பல்ல," என்றாள். அடுத்த வாரமும் அவள்தான் வந்தாள்.

சாயக்கடையில் நின்று சொன்னேன், நம்முடைய சோப்பு விளையாட்டால்தான் அந்த அக்கா படுத்துக் கிடக்கிறாள் என்று. மந்துக்காரர்களில் ஒருத்தன் கிளாசை வைத்துவிட்டு, "இனி ஒரு ஜீப்பு வந்தா நேராட்டு செய்யலாம்லே," என்றான். இன்னொருத்தன், "இந்தத் தடவ அரிசி தருவாவளோ," என்று கேட்டான். சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை அவர்களுக்குப் பழக்கிவிட்டவன் நான்தான், அதனால் யாரையும் திட்ட முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குப் போனேன். கடலோரத்தில் ஓலை மேய்ந்த வீடு. அவள் பாயில் கிடந்தாள். கால் பழையபடி ஊதி, பளபளவென்று சிவந்து, சாக்கின் மேல் தூக்கி வைத்திருந்தது. அறைக்குள் ஏறியதுமே எனக்குத் தெரிந்த நாற்றம். கணவன் மூலையில் உட்கார்ந்து மூச்சு இழுத்துக்கொண்டிருந்தார். அடுப்பில் ஒன்றும் இல்லை.

"வந்தியா மக்கா," என்றாள். "இரி."

உட்கார்ந்தேன். டாக்டர் ஒரு வரி எழுதியிருப்பார் என்றேன்.

"அது கெடக்கட்டு. நீ இப்பம் கழுவுதியா?"

அவ்வளவு தூரம் போய் அவளிடம் பொய் சொல்லக்கூடாது என்று இருந்தேன். "இல்ல அக்கா."

"ஒருநாளுகூட?"

"இல்ல."

அவள் என்னைப் பார்த்தாள். கோபம் இல்லை. வலை நிறையப் பாசி வந்தால் பார்ப்பார்களே, அப்படி.

"பின்ன என்னத்துக்கு வந்த," என்று கேட்டுவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் கணவர் கையைக் காட்டினார், போ என்றா, இரு என்றா, தெரியவில்லை. எழுந்து வந்துவிட்டேன்.

மணலில் நடந்து ரோட்டுக்கு வருவதற்குள் வெடிப்புகளில் உப்புமணல் ஏறிப் பற்றியெரிய ஆரம்பித்தது. பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. காலை ஸீட்டுக்கு அடியில் தள்ளி வைத்துக்கொண்டேன். பக்கத்தில் நல்ல சலவைச் சட்டை போட்ட ஒருத்தர் வந்து உட்கார்ந்தார். இரண்டு ஸ்டாப் தாண்டுவதற்குள் மூக்கைத் தேய்த்தார், வெளியே பார்த்தார், குனிந்து பார்த்தார். பிறகு எழுந்து போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. என் பக்கத்திலிருந்து எழுந்து போக முடிந்திருந்தால் நானும் போய் அவரோடு நின்றிருப்பேன்.